'அடுத்த மாடல் வரட்டும்' என்று காத்திருப்பவரா நீங்கள்?

"இப்ப வாங்காதே, அடுத்த மாடல் வரப்போகுது!" கேம் கன்சோல் வாங்க நினைக்கும் பலரும் கேட்கும் அறிவுரை இது. 2021-ல் ஜப்பானின் நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்க நினைத்தவர்களுக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது. புது சிப் வருகிறது, டிவியில் இணைத்தால் 4கே தெளிவில் ஆடலாம் என்று பேச்சு பரவியிருந்தது.

ஜூலையில் அறிவிப்பு வந்தது. திரை 7 அங்குல ஓஎல்இடி ஆகியிருந்தது. வேகம் பழையதுதான். 4கே இல்லை.

அந்த வேகமும் 4கே-வும் 2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தபோதுதான் கிடைத்தன. அதிலும் ஒரு வேடிக்கை. இந்த முறை பலரும் ஓஎல்இடி திரையை எதிர்பார்த்தார்கள். வந்ததோ 7.9 அங்குல எல்சிடி!

வதந்தி பொய்த்தால் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. அது வாக்குக் கொடுக்கவே இல்லையே! நஷ்டமெல்லாம் காத்திருந்தவர்களுக்குத்தான். 2021-ல், "அடுத்தது வரட்டும் கண்ணா, வாங்கித் தர்றேன்" என்று சமாதானப்படுத்தப்பட்ட 10 வயதுப் பிள்ளைக்கு, ஸ்விட்ச் 2 வந்தபோது 14 வயது.

கன்சோலுக்கு அடுத்த மாடல் எப்படியும் வந்துவிடும். அந்த நாலு வருட விளையாட்டு திரும்பி வருமா?