அடுத்த ஷாட்

கலிபோர்னியா, மென்லோ பார்க். ஸ்லாக் ஆய்வகம். 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் ஒரு கட்டடம். அதன் மேலாக நெடுஞ்சாலை தாண்டிப் போகிறது. மேலே கார்கள் விரைகின்றன. கீழே, சுரங்கத்தில், எலெக்ட்ரான்கள் விரைகின்றன.

அந்த நேர்கோட்டின் கடைசியில், நிலத்தடியில், ஓர் அறை. மேசை மேல் ஓர் உலோகச் சட்டம். சட்டம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் தலைமுடிப் பருமனில் ஒரு பாலிஸ்டைரீன் தகடு. தெர்மகோல் செய்கிற அதே பிளாஸ்டிக்.

கையுறை போட்ட பெண் இடுக்கியால் ஒன்றை எடுக்கிறாள். மூச்சை அடக்குகிறாள். வைக்கிறாள். மூச்சு விடுகிறாள். அடுத்ததை எடுக்கிறாள்.

சட்டம் எஃகுக் கலத்துக்குள் போகிறது. பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அழுத்தமானியில் எண் இறங்குகிறது. நான்கு பேர் அதையே பார்க்கிறார்கள். அதற்காக அது வேகமாக இறங்குவதில்லை.

ஒருவர் அறையைச் சுற்றி வருகிறார். மூலைக்கு மூலை பொத்தானை அழுத்துகிறார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறார். யாரும் இல்லை. கனத்த கதவு பூட்டிக்கொள்கிறது.

வெளியே கட்டுப்பாட்டு அறை. திரைகள். ஆறிப்போன காபி. பாதி காலியான சிப்ஸ் பொட்டலம். 12 மணி நேர ஷிப்ட்.

அந்த எலெக்ட்ரான்களிலிருந்து எக்ஸ் கதிர்த் துடிப்பு நொடிக்கு 120 வரும். ஒரு சிறு தடுப்பு அத்தனையையும் மறித்து நிற்கிறது. தகட்டைத் தாக்க வேண்டிய லேசர் இன்னும் தயாராகவில்லை. அதன் கண்ணாடித் தண்டுகள் ஆற வேண்டும். சில நிமிடங்கள். ஒருவர் கொட்டாவி விடுகிறார். பக்கத்தில் இருப்பவரும் விடுகிறார்.

ஷாட்.

பச்சை லேசர் தகட்டில் பாய்கிறது. ஓர் அதிர்வலை உள்ளே புகுகிறது. பின்னால் கிளம்பிய இரண்டாவது அலை முதலாவதை எட்டிப் பிடிக்கிறது. வளிமண்டலத்தைப் போல் 15 லட்சம் மடங்கு அழுத்தம். சுமார் 5,000 டிகிரி. வழக்கமான திடப்பொருளும் இல்லை, வழக்கமான பிளாஸ்மாவும் இல்லை. வெப்ப அடர்பொருள். நெப்டியூனின் வயிற்றில் இருப்பது.

தடுப்பு அதற்குச் சற்று முன்பே திறந்துவிட்டது. ஒரே ஒரு துடிப்பு நுழைகிறது. ஃபெம்டோ நொடிக் கணக்கில் அதன் ஆயுள். சில நானோ நொடிகளில் எல்லாம் முடிகிறது. ஓட்டையில் தகடு இல்லை.

தெர்மாமீட்டர் வைக்க அங்கே வழியில்லை. சிதறி வந்த எக்ஸ் கதிர் எவ்வளவு ஆற்றலை இழந்தது, எவ்வளவு பெற்றது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறார்கள். அலையின் வேகத்தை அறிய இன்னொரு லேசர். அது திரையில் வரிவரியாகக் கோடுகள் போடுகிறது. ஓரிடத்தில் கோடுகள் விலகுகின்றன. இளைஞன் ஒருவன் அந்த விலகலை அளக்கிறான். மறுபடி அளக்கிறான்.

மற்றொரு திரையில், சிதறிய எக்ஸ் கதிர் வரைந்த மங்கலான ஒரு வளைவு. இங்கே கிடைத்த இப்படியொரு வளைவைப் பற்றி 2017-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிளாஸ்டிக்கின் கார்பன் ஹைட்ரஜனை உதறிவிட்டு வைரமாகியிருந்தது. குறுக்களவு சில நானோமீட்டர். யாரும் கைதட்டுவதில்லை. ஒருத்தி நோட்டில் எண் எழுதுகிறாள்.

மோட்டார் சட்டத்தை நகர்த்துகிறது. அடுத்த ஓட்டை. தகடு ஓரத்தில் சுருங்கியிருக்கிறது. மூன்று பேர் திரையை நோக்கிக் குனிகிறார்கள். போகலாம் என்கிறார் ஒருவர். வேண்டாம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். லேசர்க்காரர்களுக்குப் போன் போடுகிறார்.