கணக்கு முடித்து அனுப்பினேன்

என் தோட்டத்துச் செடிகளைக் கொன்றது நான்தான், தோட்டக்காரர் இல்லை. அவரை வேலையைவிட்டு நிறுத்தியபோதே எனக்கு இது தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், நீலாங்கரைக்கும் கோவளத்துக்கும் இடையில் எங்கள் வீடு. மொட்டைமாடிக்குப் போனால் கடல் தெரியும். மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, வெறும் மணல். ஊற்றிய தண்ணீரும் போட்ட எருவும் அதில் நிற்காது. காற்றில் உப்பு. ஆளாளுக்குப் போர் போட்டு உறிஞ்சியதில் கடல் நிலத்துக்கடியில் ஏறிவந்துவிட்ட பகுதி என்பதால் தண்ணீரிலும் உப்பு.

இங்கே எது நிற்கும் என்பதை அவர் வந்த அன்றே சொல்லிவிட்டார். பக்கத்துக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். “அரளி வைங்க சார், காகிதப்பூ வைங்க. வேலியோரம் பூவரசு, நிழலுக்கு ஒரு புன்னை. நித்தியகல்யாணி தானா வரும்” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அரளி நெடுஞ்சாலைக்கு நடுவில் வைக்கிற செடி. நித்தியகல்யாணியை எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். கடன் வாங்கி வீடு கட்டிவிட்டு வாசலில் அதையா வைப்பது?

எனக்கு ரோஜா வேண்டும். உதகையில் பார்த்த ஹைட்ரேஞ்சா வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், அந்தச் செடி குளிர்ச்சி கேட்கும், சென்னை வெயிலில் தாங்காது; எல்லாம் படித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் “இது எப்படி இங்கே வளருது?” என்று வாய் பிளக்க வேண்டுமே. அதற்காகவே வாங்கினேன். செத்தால், இருட்டிய பிறகு தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வாங்கினேன்.

தொட்டி மண் ஈரமாக இருக்கும்போதே ரோஜா வாடியது. உப்பு மிகுந்த ஈரத்தை வேரால் இழுக்க முடியாது. நான் தாகம் என்று நினைத்து, மாலையிலும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு தங்கித் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. இலைகள் ஓரத்திலிருந்து கருகின. ஊட்டம் போதவில்லை என்று 19:19:19 உரத்தைக் கரைத்து விட்டேன், அதுவும் உப்புதான். இதையெல்லாம் மிஞ்சிய காரியம் ஒன்றும் செய்தேன். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று, குழாய் இழுத்து ரோஜாக்களுக்குத் திருப்பிவிட்டேன். நாங்கள் குடிக்காமல் பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்து நிற்கும் தண்ணீர் அது. வீட்டில் எனக்குச் சிக்கனக்காரன் என்ற பெயர் கிடைத்தது.

ஐப்பசி மழை தொட்டிகளைக் கழுவிவிட்டதும், மிஞ்சிய செடிகள் துளிர்த்தன. உரம் வேலை செய்கிறது என்றேன். “மழைத்தண்ணி சார்” என்றார் அவர். தை பிறந்து வானம் வெளுத்ததும் மறுபடி கருகல்.

அதற்குப் பிறகுதான், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, யாரும் பார்க்காத நேரத்தில் அளந்தேன். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத ஊரில்கூடக் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். எங்கள் போர் தண்ணீர் 2,600 காட்டியது. ஆர்ஓ கழிவுத்தண்ணீரை அளக்கத் தைரியம் வரவில்லை. மீட்டரை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

அந்த வாரமே மனைவி கேட்டாள், ஏன் எல்லாம் பட்டுப்போகிறது என்று. “அவன் ஒழுங்காத் தண்ணி ஊத்துறதில்ல” என்றேன். என்னைவிட வயதில் மூத்தவர். மாதம் முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பினேன். அவர் வாதாடவில்லை. “அந்தக் குழாயை மட்டும் எடுத்துடுங்க சார்” என்றார். எடுத்துவிட்டேன், அவர் தெரு தாண்டிய பிறகு.

இப்போது தோட்டத்தில் இருப்பது அவர் சொல்லிப்போன செடிகள்தான். அரளி இலையின் மூச்சுத் துளைகள் அடிப்புறத்தில், மயிரடர்ந்த குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. கடுங்காற்றில் அது எளிதில் ஈரத்தை இழப்பதில்லை. நித்தியகல்யாணியிலிருந்து இரத்தப் புற்றுக்கான வின்கிரிஸ்டின் மருந்து எடுக்கிறார்கள் என்று படித்த பிறகே அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது. மருந்துக் கம்பெனி சொன்னால்தான் எனக்கு ஏறும் போல.

உப்புக் காற்றில் எப்படி இவ்வளவு பூ என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். “நிறையப் படிச்சேன்” என்கிறேன். சில காலை வேளைகளில் அவரை டீக்கடையில் பார்ப்பதுண்டு. வணக்கம் வைப்பார். நானும் கையைத் தூக்கிவிட்டு, வண்டியை நிறுத்தாமல் வந்துவிடுவேன். அவர் சரியாகத் தண்ணீர் ஊற்றாததால்தான் ரோஜாக்கள் செத்தன என்றே மனைவி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.