எழுதாத கணக்கு

உபாத்தியாயர் தொழில் நமக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்று உண்டு. எழுதி வைக்காத விஷயத்தை உலகம் நடக்காத விஷயமாகவே பாவிக்கும். ஒரு பையன் எத்தனை நாள் வரவில்லை என்பது ஆஜர்ப் புஸ்தகத்தில் இருந்தால்தான், அவன் வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரிக்க யாருக்கும் தோன்றுகிறது.

அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பட்ட பாட்டைச் சென்ற மாதம் சரித்திர வகுப்பில் சொல்லிக் கொண்டிருந்தோம். "செத்தவர்களை எண்ணி என்ன பிரயோஜனம், ஸார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நம் தொழிலையே செய்த ஓர் அம்மையாரின் கதையைப் பதிலாகச் சொன்னோம்.

ஐடா வெல்ஸ் 1862-ம் வருஷம் மிஸிஸிப்பியில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் உபாத்தியாயினியாக இருந்தார். கறுப்புக் குழந்தைகளின் பள்ளிக்கூடங்கள் இருந்த சீர்கேட்டைப் பத்திரிகையில் எழுதியதற்காக 1891-ல் அவருக்கு வேலை போயிற்று. மறு வருஷம் அவருடைய சிநேகிதர் ஒருவரும், அவரது மளிகைக் கடையைச் சேர்ந்த இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசாரணை கிடையாது, கூட்டமே நீதிபதி, கூட்டமே கொலையாளி. இதற்கு அந்நாட்டில் 'லிஞ்சிங்' என்று பெயர்.

பெண்களின் மானத்தைக் காக்கவே இப்படிச் செய்வதாகக் கொன்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். அம்மையார் கணக்கெடுக்க உட்கார்ந்தார். வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகை வருஷந்தோறும் வெளியிட்ட பட்டியலையே எடுத்துக் கொண்டார். மாற்றான் வீட்டுத் தராசில் நிறுத்தால் எடையில் குறை சொல்ல முடியுமா? மாண்டவர்களில் சுமார் மூன்றிலொரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றம் சாட்டவேனும் பட்டிருந்தது! சமாதானம் பொய்யாயிற்று. 1892-ல் அவருடைய பத்திரிகாலயத்தை நாசம் செய்தார்கள். 1895-ல் பட்டியல் புஸ்தகமாகவே வெளிவந்தது.

பின்னர் டஸ்கிகீ கலாசாலை இந்த வேலையை ஏற்றுக் கொண்டது. 1882 முதல் 1968 வரை அது பதிந்த மரணங்கள் 4,743. அவர்களில் 3,446 பேர் கறுப்பர். லிஞ்சிங்கைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் 2022-ல்தான் நிறைவேறியது. அத்தனை காலமும் வழக்கை உயிரோடு வைத்திருந்தது இந்தக் கணக்குத்தான்.

துவேஷக் குற்றங்களைச் சர்க்காரே கணக்கெடுக்க 1990-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். ஆனால் அந்தந்த ஊர்ப் போலீஸார் கணக்கு அனுப்புவது அவரவர் இஷ்டம். அனுப்பாத ஊர்களும் உண்டு. 'சைபர்' என்று அனுப்பும் ஊர்களும் உண்டு. குற்றமே நடக்காத ஊரும் சைபர்தான். புகார் சொல்ல ஜனங்கள் அஞ்சுகிற ஊரும் சைபர்தான். சொன்னாலும் எழுதிக் கொள்ளாத ஊரும் சைபர்தான்.

ஆகையால் நேயர்களே, ஒரு தேசத்தில் சிறுபான்மையோர் சுகமாக இருக்கிறார்கள் என்று யாராவது ஒரு சின்ன எண்ணைக் காட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: அந்தக் கணக்கை எழுதியவர் யார்? அடிபட்டவன் அவரிடம் பயமில்லாமல் போய்ச் சொல்ல முடிந்ததா?