அப்பாவோட பச்சை ஃபைல்

நாலு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கம்போல கதை விடலாம். விஷயம் அது இல்ல. பிப்ரவரியில அப்பா தவறிட்டார். அதைப் பத்தி எழுத இன்னும் வரலை. இது அண்ணனோட இன்சூரன்ஸ் கதை.

அண்ணனுக்கு என்னைவிட நாலு வயசு கூட. பிறவியிலேயே செரிப்ரல் பால்ஸி. தமிழ்ல மூளை முடக்குவாதம்னு போடுறாங்க. அவன் மூளையில ஒரு முடக்கமும் இல்ல. 2003 உலகக் கோப்பைலேர்ந்து எந்த மேட்ச் கேட்டாலும் ஸ்கோர் சொல்லுவான். கை கால்தான் சொன்ன பேச்சு கேக்காது. வாரத்துக்கு ரெண்டு தடவை பிசியோதெரபி, ஒரு தடவைக்கு 400 ரூபாய். நிறுத்தினா தசை இறுகிடும். ஆபரேஷன் இல்ல, அட்மிஷன் இல்ல, 'சரியாயிடுச்சு'ன்னு சொல்ற நாளும் இல்ல.

அப்பா இருந்தவரைக்கும் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. திருச்சிக்குப் போவேன், அண்ணனோட மேட்ச் பாப்பேன், பஸ் ஏறிடுவேன். காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஆபீஸ் இன்சூரன்ஸ்ல அண்ணனைச் சேக்கலாமேன்னு தோணுச்சு. போன் போட்டேன்.

"ஸ்பவுஸ், சில்ட்ரன், பேரண்ட்ஸ் மட்டும்தான் சார். பிரதர் வராது."

இத்தனைக்கும் பழைய முறையில வருமான வரி கட்டினா, நம்மளை நம்பி இருக்குற மாற்றுத்திறனாளி அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்குக் கூட கழிவு உண்டு. வரி ஆபீசுக்கு அவன் என் குடும்பம், என் ஆபீசுக்கு இல்ல.

சரி, தனியா ஒரு பாலிசி எடுப்போம்னு வேற ஒரு கம்பெனியில கேட்டேன். அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு.

"பேஷண்ட் கடைசியா எப்ப சார் அட்மிட் ஆனாரு?"

"அட்மிட்டே ஆனதில்லைங்க."

"அப்ப ட்ரீட்மென்ட் எப்ப சார் முடியும்?"

என்னத்தைச் சொல்றது! அந்தப் பொண்ணு முன்னாடி இருந்த ஃபார்ம்ல அப்படி ஒரு கட்டம் இருந்திருக்கும். நானும் அந்த மாதிரி ஃபார்ம் எத்தனையோ டிசைன் பண்ணிக் குடுத்திருக்கேன். கட்டாயம் நிரப்பணும்னு சிவப்பு நட்சத்திரம் வேற போட்டு.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். நாங்க அதைத் தாண்டிட்டோம். தாண்டலைன்னாலும் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்துச் செய்யிற சிகிச்சைக்கானது. வாரம் ரெண்டு தடவை கால் நீட்டி மடக்குறதுக்கு அதுல வழி இல்ல.

அப்பத்தான் அம்மா, "அப்பா ஒரு பச்சை ஃபைல் வச்சிருப்பாரே, பாத்தியாடா?"ன்னாங்க.

பீரோவுல இருந்துச்சு. மேல அப்பா கையெழுத்துல 'நிராமயா'. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குக் கீழ 2008-ல வந்த மத்திய அரசுத் திட்டம். ஆட்டிசம், செரிப்ரல் பால்ஸி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கும் மட்டும். முன்கூட்டி மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, வயசு வரம்பு கிடையாது. வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும். அதுல புறநோயாளிச் செலவும் உண்டு, தெரபியும் உண்டு. தெரபிக்குன்னு தனி உச்சவரம்பு இருக்கறதால முழுசாக் கட்டுபடி ஆகாது. 2008-லயும் 1 லட்சம், இப்பவும் 1 லட்சம்ங்கிறது கொடுமை. ஆனா 'எப்ப முடியும்'னு கேக்காத ஒரு ஃபார்மை யாரோ உக்காந்து யோசிச்சு எழுதியிருக்காங்க. புதுப்பிக்க அப்பா வருஷா வருஷம் கட்டினது 250 ரூபாய்.

முதல்ல நம்ம கையிலேர்ந்து செலவு பண்ணிட்டு, அப்புறம் ஒரிஜினல் பில்லை அனுப்பி வாங்கணும். ஃபைலுக்குள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, தொகை, அனுப்பின நாள், வந்த பணம். பதிவு எண் இல்லைன்னு ஒரு பில் திரும்பி வந்திருக்கு. அதுக்காக வெயில்ல பிசியோ வீட்டுக்கு ரெண்டு தடவை அலைஞ்சதையும் எழுதி வச்சிருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.

ஏப்ரல் மாச பில் எட்டையும் எடுத்துக்கிட்டு, அட்டை போட்டுக் குடுத்த சங்கத்துக்கு மே மாசம் போனேன். அங்க இருந்த அக்கா அட்டையைத் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, இது மார்ச் 31-ஓட முடிஞ்சுடுச்சே"ன்னாங்க.

3,200 ரூபாய் பெரிய காசு இல்ல, ஒத்துக்கறேன். ஒரு சனிக்கிழமை சென்னையில அதைவிட ஜாஸ்தி செலவு பண்ணியிருக்கேன். ஆனா அத்தனை வருஷத்துல அப்பா ஒரு மார்ச்சைக் கூட விடலை. நான் முதல் மார்ச்சையே விட்டுட்டேன். அப்பா அம்மா போனப்புறம் இவங்களை யார் பாத்துக்கறதுங்கிறது அந்தச் சட்டத்தோட நோக்கங்கள்லயே ஒண்ணுன்னு அந்த அக்காதான் சொன்னாங்க. எதிர்ல நான் உக்காந்திருக்கேன், காலாவதியான அட்டையோட.

அன்னைக்கே விண்ணப்பம் போட்டாச்சு. போன வாரம் புது அட்டை வந்துச்சு. நோட்டுல அப்பா கையெழுத்துக்குக் கீழ முதல் தடவையா நான் எழுதினேன். தேதி, 400, பில் எண். சக்கர நாற்காலியிலேர்ந்து அண்ணன் எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சான்.

"தேதி தப்புடா."

தப்புதான். அடிச்சுட்டு மாத்தி எழுதினேன்.