அறுபதாம் படியில் அக்கா

போன மாதம் அக்காவும் நானும் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறித் திருச்செங்கோடு போய் வந்தோம்.

முதலில் பக்கத்திலுள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ராஜாஜி 1925-ல் தொடங்கியது. குடியை ஒழிக்கவென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை இங்கிருந்துதான் நடத்தினார். கூட இருந்து உழைத்தவர் கல்கி. பிறகு ராஜாஜி முதல் மந்திரியானதும், 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கு முதன்முதலாக வந்தது அன்றைய சேலம் ஜில்லாவில்தான். திருச்செங்கோடும் அதில் சேர்ந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மகனுக்கு ஒரு கதர்த் துண்டு மட்டும் வாங்கினாள்.

மலைக்கு மேலேயே வண்டி போக ரோடு இருக்கிறது. "படியிலேயே போலாம் கண்ணு" என்றாள் அக்கா. முழங்கால் வலிக்காரி! காரணம் எனக்குத் தெரியுமாதலால் வாயைத் திறக்கவில்லை.

பாறையில் செதுக்கிய பெரிய நாகருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு ஏறினால் அறுபதாம் படி. அந்தக் காலத்தில் கடன் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் இங்கே சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

2009-ல் அக்கா வீட்டுக்காரர் இங்கேதான் சூடத்தை அணைத்து, இனித் தொடமாட்டேன் என்றார். நாலு தறி ஓடிய வீடு. அதற்குள் இரண்டு தறி போயிருந்தது. அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிச்சம்.

இரண்டு நாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, வலிப்பே வந்துவிட்டது. பயந்துபோய் அவர் அண்ணனே ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து ஊற்றினார். அவ்வளவுதான். 'சத்தியம் தவறினவன்' என்று ஊர் பேசியது. அவரும் அதை நம்பி, முன்னைவிட அதிகமாகக் குடித்தார்.

ஈரல் கெட்டு, வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் டாக்டர் விளக்கினார்: வருஷக்கணக்காக நிறையக் குடித்த உடம்பு, ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, டாக்டர் மேற்பார்வையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். நிறுத்தின கையோடு நடுக்கமோ, வலிப்போ, பிதற்றலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். இதை யாராவது எங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? 2012-ல் அவர் போய்விட்டார்.

அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சூடத்தை எடுத்துப் படியில் ஏற்றினாள்.

"அவர் பொய்ச் சத்தியம் பண்ணலை சாமி. உடம்பு கேக்கலை" என்றாள்.

சூடம் எரிந்து அணையும் வரை நின்றோம். பிறகு அவள் என் தோளைப் பிடித்துக்கொள்ள, மிச்சப் படிகளை மெதுவாக ஏறினோம்.