கோவை ஏரியாவும் எஃப்.எம்.எஸ். கணக்கும்

உள்ளூரில் ஒரு தமிழ்ப் படத்தின் ஷேரை, அதாவது விநியோகஸ்தரின் பங்கை, நட்சத்திரத்தைவிடச் சம்பள நாளே அதிகம் தீர்மானிக்கிறது. கோவை ஏரியாவில் அடங்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். அன்றைய இரவுக் காட்சியும் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளும் நிறைந்தால்தான் அந்த வாரம் தேறும். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு தென்மாவட்டத் தொழிலாளர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். மற்ற ஊர்களில் பண்டிகைக் கூட்டம் நெரியும்போது இங்கே தெருக்கள் வெறிச்சோடும். இது தெரியாமல் எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கட்டியவர் கையைச் சுட்டுக்கொள்வார். முன்பெல்லாம் விநியோகஸ்தரின் பிரதிநிதியான ரெப் தியேட்டரிலேயே கிடந்து, கிழித்த டிக்கெட்டை எண்ணி டி.சி.ஆர். என்ற அன்றாட வசூல் அறிக்கையை எழுதுவார். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து வெளியே போனது என்பதும் அவர் சொல்லித்தான் கம்பெனிக்குத் தெரியும்.

எஃப்.எம்.எஸ். எனப்படும் வெளிநாட்டு உரிமையில் இரண்டு சந்தைகள் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடாவில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அங்கே நடிகர் பெயரே விலை. தமிழ் தெரியாதவர்களின் சந்தைக்கு அந்தக் கணக்கு உதவாது.

அதற்கு ‘முத்து’ ஓர் உதாரணம். அது 1995 தீபாவளிக்கு வந்தது. அதே ஆண்டுப் பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’வைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு மாற்றுக் குறைவாகவே பட்டது. ‘முத்து’வை ஜப்பானிய விமர்சகர் ஜுன் எடோகி சிங்கப்பூரில் கண்டெடுத்தார். 1998இல் டோக்கியோவின் சினிமா ரைஸ் தியேட்டரில் 23 வாரம் ஓடியது. கப்பலேறிய பனியன் வாங்குபவரின் லேபிளை ஏற்பதுபோல, அங்கே அது ‘ஆடும் மகாராஜா’ ஆனது. பாட்டும் ஆட்டமும் இங்கே வாடிக்கை. அங்கே அதுவே புதுச்சரக்கு. அதைக் கண்டுபிடித்து விற்றவர் அந்த ஊர்க்காரர் என்பதைத்தான் இங்குள்ளவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சீனாவில் பிரமாண்டம் எடுபடவில்லை, 2019இல் ‘2.0’ அங்கே படுத்துவிட்டது. மகளுக்காகப் போராடும் சலூன்காரரின் கதையான ‘மகாராஜா’ 2024 நவம்பரில் நன்றாக ஓடியது. எல்லைப் பிரச்சினையில் இந்தியாவும் சீனாவும் உடன்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரமும் கைகொடுத்தது. 2017இல் ‘தங்கல்’ இந்தியாவைவிடச் சீனாவில் அதிகம் வசூலித்ததற்கும் அப்பன்–மகள் கதையே அடிப்படை. அதோடு, ஆமிர் கானை அங்கே ‘3 இடியட்ஸ்’ முன்பே அறிமுகப்படுத்தியிருந்தது.

இப்போது படம் முடியுமுன்பே ஹீரோ பெயருக்கு எஃப்.எம்.எஸ். விலை பேசிவிடுகிறார்கள். சப்டைட்டில் வேலை கடைசி வாரத்தில் அவசரமாக நடக்கிறது. படம் வந்த மூன்றாம் நாளே வசூல் கோடிகளை அச்சடித்த போஸ்டர் வந்துவிடுகிறது. டிக்கெட்டை எண்ணியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. வேற்றுமொழிக்காரரின் ரசனையைப் படிக்க விமானம் ஏற வேண்டியதுகூட இல்லை. ஒடிசா, பீகார் தொழிலாளர்களை நம்பித் திருப்பூர் தியேட்டர்களிலேயே இந்திப் படங்கள் ஓடுகின்றன. அந்தக் காட்சிகளில் போய் உட்கார்ந்து கவனிக்கத்தான் இன்று ரெப் கிடையாது.