ஆர்.எக்ஸ். 100-க்கு மூச்சு முட்டுது!

நெல்லை ஜங்ஷன்ல பாளையங்கோட்டை டவுன் பஸ் ஏறுங்க. 1843-ல் திறந்த சுலோச்சனா முதலியார் பாலம், கீழே தாமிரபரணி, அப்புறம் கொக்கிரகுளம், அடுத்து வண்ணார்பேட்டை! சந்துக்குள்ள இருந்து 'ட்ர்ரிங்... டிங்டிங்'னு சத்தம் வந்தா சந்தேகமே வேணாம் பாஸ், யமஹா ஆர்.எக்ஸ். 100-தான். 1985-ல் வந்து 1996-ல் நின்னுபோன வண்டி. வெறும் 98 சி.சி.! ஆனா நம்ம பசங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் அதுதானே?

நண்பன் வண்டியில கார்பரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கிற மேனிஃபோல்டு வெடிச்சிருந்தது. 'பிக்கப் பிச்சிக்கும்'னு யாரோ சொன்னதைக் கேட்டு, பெரிய வாய் வச்ச வெளிச்சாமானை வாங்கிட்டுப் போனோம். மெக்கானிக் அண்ணாச்சி உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"தம்பி, இது வாய் பெருசு, ரீட் வால்வு வாய் சின்னது. நடுவுல படி மாதிரி நிக்கு. காத்து முட்டும்லா?"

நாங்க கேக்கலை. மாட்டியாச்சு. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இரைச்சல் இறங்கலை. இணைப்புல சோப்புத் தண்ணி விட்டார். சத்தம் சட்டுனு மாறிச்சு. காத்துக் கசிவு!

இதை லேசா நினைக்காதீங்க. கூடுதல் காத்து புகுந்தா கலவையில பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிச்சுக்கும். பின்சக்கரமும் அப்படியே பூட்டிக்கும்.

"பைபாஸ்ல, பின்னால லாரி வரும்போது பிடிச்சா என்னடே செய்வ?"

நண்பன் மூச்சே விடலை. பழைய அளவுலயே ஒண்ணு தேடிப் பிடிச்சு, புது பேக்கிங் வச்சு மாட்டினார். டீ காசு மட்டும் எங்களோடது. பெரிய வாய்க்காரன் இப்போ ஹாஸ்டல் மேஜையில பேப்பர் வெயிட்!